பின்னால் வருபவனுக்குப் பசி

நேயர்களுக்கு வணக்கம்.

தனியாக வளர்த்த ஒரு பாலைவன வெட்டுக்கிளி. கையில் ஒரு வண்ணத் தூரிகை. நிமிடத்துக்கு 5 விநாடி அதன் பின்னந்தொடையை வருட வேண்டும். இப்படியே 4 மணி நேரம். தன் இனத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போன பூச்சி, அதன்பிறகு கூட்டத்தைத் தேடிப் போகிறது. வேறு இடத்தில் வருடினால் இந்த மாற்றம் வருவதில்லை. நெரிசலில் ஒன்றோடொன்று உரசுவதற்குத்தான் இந்தத் தூரிகை மாற்று.

2001இல் இதை வெளியிட்டது பூச்சி ஆய்வாளர் ஸ்டீபன் சிம்ப்சனின் குழு. ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், லண்டனில் முனைவர் பட்டம், ஆக்ஸ்ஃபோர்டில் நீண்ட காலம், 2005இல் சிட்னி. ஊர்கள் மாறின, கேள்வி மாறவில்லை: ஒரு பூச்சி எப்போது 'போதும்' என்று நிறுத்துகிறது?

சக ஆய்வாளர் டேவிட் ராபன்ஹைமருடன் சேர்ந்து, புரதமும் மாவுச்சத்தும் வெவ்வேறு அளவில் கலந்த உணவுகளை வெட்டுக்கிளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். புரதம் குறைந்த உணவு கிடைத்தவை, அந்தக் குறையை ஈடுகட்ட அதிகமாகத் தின்றன. வேண்டாத மாவுச்சத்தும் கூடவே உள்ளே போனது. மனிதர்களும் இப்படித்தானோ என்று 2005இல் இருவரும் எழுதினார்கள். உடல் பருமன் பற்றிய பேச்சில் அந்தக் கருத்து இன்றும் அடிபடுகிறது. அது தனிக் கதை, இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது மார்மன் கிரிக்கெட் என்ற பூச்சியின் விஷயம். பெயரில்தான் கிரிக்கெட், அதாவது சில்வண்டு; உண்மையில் வேறு குடும்பத்துப் பூச்சி. பறக்கத் தெரியாது. அமெரிக்காவின் மேற்கே பெரும் படையாக நடந்து போகும். வழியில் விதவிதமான உணவை வைத்துப் பார்த்தால், அவை மொய்த்தது புரதத்திலும் உப்பிலும். சரி, அந்த இரண்டும் பக்கத்திலேயே எங்கே கிடைக்கும்? முன்னால் போகும் பூச்சியின் உடம்பில்! நின்றால் பின்னால் வருவது கடித்துவிடும். ஒற்றுமை, ஒழுங்கு என்று நாம் வியந்து பார்க்கும் அணிவகுப்பு இதுதான்.

பாலைவன வெட்டுக்கிளிக் குஞ்சுகளிலும் இதைச் சோதித்தார்கள். சிலவற்றுக்கு வயிற்றுப் பகுதி நரம்பைத் துண்டித்தார்கள். பின்னால் கடித்தால் தெரியாது. அவை நடப்பதும் குறைந்தது, மற்றவற்றுக்கு இரையாவதும் கூடியது.