சீட்டு நிறைஞ்சா ஷேர் ஏறுமா? ஒரு ஃபிளைட்டோட கணக்கு

வணக்கம் மக்களே. ஃபிளைட் எல்லாம் நிரம்பி வழியுது, பண்டிகை நேரத்துல டிக்கெட் விலையைப் பார்த்தா தலை சுத்துது. அப்புறம் எப்படி இண்டிகோ 2025 செப்டம்பர் காலாண்டுல 2,582 கோடி ரூபா நஷ்டம் காட்டுச்சு? இது புரிஞ்சிட்டா ஏர்லைன்ஸ் ஷேரை எங்க பிடிச்சுப் பாக்கணும்னு முக்கால்வாசி தெளிவாயிடும். யாரையும் ஷேர் வாங்கு, வித்துடுன்னு சொல்ல வரல. கணக்கு பாக்கத்தான் போறோம்.

போர்டைப் பாருங்க. சென்னையிலருந்து டில்லி, ஏறக்குறைய 1,760 கிலோமீட்டர். ஏ320 நியோ, 186 சீட்டு. ரெண்டையும் பெருக்கினா 3,27,360. இதுக்குப் பேரு ஏ.எஸ்.கே., அதாவது கடையில அன்னிக்கு விக்கறதுக்கு வச்சிருக்கிற சரக்கு. ஒரு சீட்டு ஒரு கிலோமீட்டர் போனா வர்ற வருமானம் ராஸ்க், ஆகுற செலவு காஸ்க். ராஸ்க் 5 ரூபா, காஸ்க் 4 ரூபா 70 காசுன்னு வச்சுக்குவோம். வரவு 16 லட்சத்து 37 ஆயிரம், செலவு 15 லட்சத்து 39 ஆயிரம். மிச்சம் 98 ஆயிரம் ரூபா.

சீட்டுல 86 சதவீதம் நிறைஞ்சா 160 பேர். டிக்கெட், லக்கேஜ், சாப்பாடு, சீட் செலக்‌ஷன், விமானத்தோட வயித்துல ஏத்துற பார்சல் சரக்கு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 10,230 ரூபா வருது. அப்ப அந்த 98 ஆயிரம் எத்தனை பேரோட காசு? பத்து பேர் கூட முழுசா இல்ல. முதல் 150 பேர் செலவைக் கட்டுறாங்க, கடைசி பத்து பேர்தான் லாபம். அந்தப் பத்து பேர் வரலன்னா அந்த ஃபிளைட் சும்மா போயிட்டு வந்த மாதிரிதான்.

இப்ப இதுல எண்ணெயை ஊத்துவோம். இந்த ரூட்டுக்கு சுமாரா 7,000 லிட்டர், கிலோலிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், 90 ஆயிரம்னு போட்டா 6 லட்சத்து 30 ஆயிரம். விலை பத்து சதவீதம் ஏறுதுன்னா 63 ஆயிரம் போச்சு. 98 ஆயிரம் லாபம் 35 ஆயிரமா சுருங்கிடுது. டிக்கெட்டோ ரெண்டு மாசம் முன்னாடியே பழைய விலைக்கு வித்தாச்சு, திரும்பிப் போய் கேக்க முடியாது. ஆயில் கம்பெனிங்க விமான எரிபொருள் விலையை ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி மாத்துவாங்க. ஏர்லைன்ஸ் ஷேர் கையில இருந்தா அந்தத் தேதியை மறக்கக் கூடாது.

இன்னொரு கூத்து என்னன்னா, இந்த எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள்ள வரல. மாநிலத்துக்கு மாநிலம் வாட் வேற. தமிழ்நாட்டுல பல வருஷமா 29 சதவீதம், சில மாநிலத்துல ஒத்தை இலக்கம். அதனால வரி கம்மியான ஊர்ல டேங்க்கை நிரப்பிக்கிட்டு வர்ற வழக்கம் உண்டு, டேங்கரிங்னு சொல்வாங்க. அதுவும் இலவசம் இல்ல. கூடுதலா ஏத்துன எண்ணெயைச் சுமக்கவே மணிக்கு அதுல 3, 4 சதவீதம் எரிஞ்சிடும். வரி வித்தியாசம் அதைவிடப் பெருசா இருந்தாத்தான் கட்டுப்படியாகும்.

சரி, அந்த 2,582 கோடிக்கு வருவோம். அதுல எண்ணெய்க்கு பெரிய பங்கு இல்ல. டாலர்தான். விமானம் பெரும்பாலும் லீஸ், வாடகை டாலர்ல. 2019 ஏப்ரல்லருந்து வந்த கணக்கு விதிப்படி, வரப்போற வருஷங்களோட வாடகையை எல்லாம் சேர்த்து இன்னிக்கே கடனா பேலன்ஸ் ஷீட்ல காட்டணும். ஒவ்வொரு காலாண்டு கடைசியிலயும் அந்த டாலர் கடனை அன்னிக்கு ரேட்டுக்கு ரூபாயா மாத்தி எழுதணும். ஜூன் கடைசியில டாலர் 86-க்குக் கொஞ்சம் கீழ, செப்டம்பர் கடைசியில 89-ஐ நெருங்கிடுச்சு. மூணு ரூபா நகர்ந்ததுக்கு 2,892 கோடி அடி. இதுல வருங்கால டாலர் கடன் சம்பந்தப்பட்ட அடியை மட்டும் ஒதுக்கிட்டுப் பார்த்தா அந்தக் காலாண்டுல சுமார் 104 கோடி லாபம்!

அந்த மூணு ரூபா, 2,892 கோடிங்கற ரெண்டு நம்பரையும் வச்சு நீங்களே ஒரு அளவுகோல் செஞ்சுக்கலாம். டாலர் ஒரு ரூபா ஏறினா ஏறக்குறைய 950 கோடி போகும். ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், காலாண்டோட கடைசி நாள் டாலர் ரேட்டைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும். "அது வெறும் கணக்குல காட்டுற நஷ்டம்தானே, கையிலருந்து காசு போகலையே"ன்னு சிலர் சொல்வாங்க. இந்தக் காலாண்டுல போகல, அவ்வளவுதான். ரூபா திரும்ப ஏறலன்னா அடுத்தடுத்த வருஷ வாடகையில அதே காசு போகும். அதனால மொத்தமா ஒதுக்கித் தள்றதும் தப்பு, அதை மட்டும் பார்த்து பயப்படுறதும் தப்பு.

பி.இ. ரேஷியோவை, அதாவது ஷேர் விலை ஒரு ஷேருக்கான வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்குங்கற கணக்கை, இந்தத் துறையில நம்பாதீங்க. இண்டிகோ 2023-24-ல 8,172 கோடி லாபம். அதுக்கு ரெண்டே வருஷம் முன்னாடி 6,000 கோடிக்கு மேல நஷ்டம். பி.இ. ரொம்ப மலிவாத் தெரியுற நேரம், பல தடவை லாபம் உச்சியில நிக்கிற நேரமா இருக்கும்.

அந்த லாபம் எங்கிருந்து வந்துச்சு? 2023 மே 3-ம் தேதி கோ ஃபர்ஸ்ட்ங்கற போட்டி ஏர்லைன்ஸ் பறக்கறதை நிறுத்துச்சு. அதே ஏப்ரல்–ஜூன் காலாண்டுல இண்டிகோ லாபம் 3,090 கோடி, அதுவரைக்கும் இல்லாத உச்சம். விடுமுறை சீசன், எண்ணெய் விலை இறக்கம் எல்லாம் கூட இருந்துச்சு, ஆனா ஒரு போட்டியாளர் போனதும் சந்தையில சீட்டு குறைஞ்சதுதான் டிக்கெட் விலையைத் தூக்குச்சு. 2012-ல கிங்ஃபிஷர், 2019 ஏப்ரல்ல ஜெட்னு ஒவ்வொருத்தர் விழும்போதும் மிச்சம் இருந்தவங்களுக்கு இடம் கிடைச்சுது. அதனால நான் முதல்ல பாக்கறது பயணிகள் எண்ணிக்கையை இல்ல, மொத்தத் துறையோட ஏ.எஸ்.கே. எவ்வளவு வேகமா ஏறுதுங்கறதை. சீட்டு ஆளைவிட வேகமா ஏறினா டிக்கெட் விலை இறங்கும். லோடு ஃபேக்டர், அதாவது நிறைஞ்ச சீட்டோட சதவீதம், அப்பவும் 85-ல நிக்கும், ஏன்னா விலையைக் குறைச்சு நிரப்பிடுவாங்க. நிரம்பின ஃபிளைட்டு உங்களை ஏமாத்துற இடம் இதுதான்.

விழப்போற கம்பெனி எப்படித் தெரியும்? இந்தத் தொழில்ல காசு முன்னாடியே வந்துடும், பறக்கறது பின்னாடி. அந்த முன்பணத்துல வண்டி ஓடும். நம்பிக்கை போனா அந்தக் குழாய் அடைஞ்சிடும். ஆயில் கம்பெனி கடன் கொடுக்கறதை நிறுத்தி, காசு வச்சாத்தான் எண்ணெய்ங்கும். லீஸ் கொடுத்தவங்க விமானத்தைத் திருப்பிக் கேப்பாங்க. சம்பளம் தள்ளிப் போகும். இதுல ரெண்டு சேர்ந்து செய்தியில வந்தா "இவ்வளவு இறங்கிடுச்சே, மலிவா இருக்கே"ன்னு கை நீட்டாதீங்க. பிழைச்சாலும் புது ஷேர் அச்சடிச்சுத்தான் பிழைக்கும். ஸ்பைஸ்ஜெட் 2024 செப்டம்பர்ல 61 ரூபா 60 காசுக்கு ஷேர் கொடுத்து 3,000 கோடி திரட்டுச்சு. வகுத்துப் பாருங்க, 48 கோடிக்கு மேல புது ஷேர். கம்பெனி மூச்சு விட்டுச்சு, பழைய ஷேர்காரரோட பங்கு கரைஞ்சுது.

எஞ்சின் விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். பிராட் அண்ட் விட்னி ஜி.டி.எஃப். எஞ்சினோட பாகங்கள் செய்யற உலோகப் பொடியில மாசு இருந்தது 2023 ஜூலைல வெளிய வந்துச்சு. கழட்டிச் சோதிச்சு மாட்ட ஒரு எஞ்சினுக்கு 250லருந்து 300 நாள். விமானம் தரையில நின்னாலும் வாடகை ஓடும், அதுக்குப் பதிலா எடுக்கற பழைய விமானம் எண்ணெய் அதிகம் குடிக்கும். எஞ்சின் கம்பெனி கொடுக்கற நஷ்டஈட்டை வருஷா வருஷம் வர்ற லாபம்னு நினைச்சுடாதீங்க.

இப்ப களம் மாறிடுச்சு. உள்நாட்டுல இண்டிகோவும் டாடாவோட ஏர் இந்தியா குழுமமும் சேர்ந்து கிட்டத்தட்ட முழுச் சந்தை. ரெண்டு பேர் மட்டும்னா இஷ்டத்துக்கு விலை வைக்கலாமே? அங்கதான் 2025 டிசம்பரைப் பாக்கணும். விமானிகளோட வார ஓய்வு 36 மணி நேரத்துலருந்து 48, இரவு தரையிறக்கம் வாரத்துக்கு ஆறுலருந்து ரெண்டுன்னு புது விதி. அதுக்கேத்த ஆள் பலம் இல்லாம இண்டிகோ ஆயிரக்கணக்குல ஃபிளைட்டை ரத்து பண்ணுச்சு. அரசு 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500 ரூபா, 1,000 வரைக்கும் 12,000னு டிக்கெட்டுக்கு தற்காலிகமா உச்சவரம்பு போட்டு, இண்டிகோ அட்டவணையையும் 10 சதவீதம் வெட்டுச்சு. விலை ஏத்தற பலம் இருக்கு, ஆனா அதுக்கு மேல அரசு ஒரு கூரை போட முடியும். விமானத்துக்கு கூடுதல் பைலட்டுங்கறது ஒரு தடவைச் செலவும் இல்ல, காஸ்க்குல நிரந்தரமா உக்காந்துடும்.

அடுத்து நீண்ட தூரம். இண்டிகோ 60 ஏ350 ஆர்டர் வச்சிருக்கு. ஒரே ரக விமானம், சீக்கிரம் இறக்கி சீக்கிரம் ஏத்துறதுங்கற பழைய சூத்திரம் லண்டன் ரூட்டுல எடுபடாது. அங்க லாபத்தைத் தீர்மானிக்கறது முன்னாடி இருக்கிற பிசினஸ் கிளாஸ் சீட்டுங்க. போதாததுக்கு பாகிஸ்தான் வான்வெளி 2025 ஏப்ரல் 24லருந்து நம்ம விமானங்களுக்கு மூடல், சுத்திப் போனா எண்ணெய்யும் நேரமும் கூடும். ஏர் இந்தியா பங்குச்சந்தைப் பட்டியல்ல இல்ல. ஆனா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கையில அதோட 25.1 சதவீதம் இருக்கு. சிங்கப்பூர்லருந்து பாக்கறவங்க கவனிங்க, 2025 ஏப்ரல்–செப்டம்பர் அரையாண்டுல அவங்க லாபம் சரிஞ்சதுக்கு ஏர் இந்தியா நஷ்டமும் ஒரு காரணம்.

அப்புறம், "நான் ஏர்லைன்ஸ் ஷேர் பக்கமே போறதில்ல"ன்னு சொல்றவங்க ஒரு நிமிஷம். நிஃப்டி 50 பட்டியல்ல இருக்கிற 50 கம்பெனி ஷேரையும் வாங்கி வைக்கற இண்டெக்ஸ் ஃபண்டுல மாசா மாசம் எஸ்.ஐ.பி. போடுறீங்களா? 2025 செப்டம்பர் 30லருந்து இண்டிகோ நிஃப்டிக்குள்ள வந்தாச்சு. மேல போட்ட கணக்குல ஒரு சின்னத் துண்டு ஏற்கனவே உங்க பேர்லயும் ஓடிட்டிருக்கு.