பழுப்பு முட்டை மேல் ஏன் இவ்வளவு நம்பிக்கை?

[காட்சி: மளிகைக் கடை. ஓர் அட்டையில் வெள்ளை முட்டை, இன்னொன்றில் பழுப்பு.]

பழுப்பு முட்டை விலை கூடுதல். ஏன் என்று கேட்டால், "நாட்டுக்கோழி முட்டைங்க, சத்து ஜாஸ்தி" என்பார் அண்ணாச்சி. நாமும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்கிறோம். எதை நம்பி? ஓட்டின் நிறத்தை நம்பித்தான்.

ஓட்டு நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. ஓடு உருவாகும்போது புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமி படிந்தால் பழுப்பு, படியாவிட்டால் வெள்ளை. உள்ளே இருக்கும் புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழுப்பு முட்டையிடும் கோழிகளும் பண்ணைக் கூண்டில் தீவனம் தின்று வளர்பவையாக இருக்கலாம். கொல்லையில் மேயும் நாட்டுக்கோழியின் முட்டையோ பெரும்பாலும் சின்னது, வெளிர் சந்தன நிறம். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. முப்பதும் ஒரே அளவு, ஒரே அடர்பழுப்பு என்றால் அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். வெள்ளை முட்டையை டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்து விற்றுப் பிடிபட்டவர்களும் உண்டு.

[காட்சி: தட்டில் உடைத்து ஊற்றிய இரண்டு முட்டைகள்.]

சரி, கரு நல்ல ஆரஞ்சாக இருக்கிறதே? அது தீவனத்தின் வேலை. மக்காச்சோளம் கூடினால் மஞ்சள் ஏறும். செண்டுமல்லிப் பூச்சாற்றைக் கலந்தால் இன்னும் ஏறும். கருவின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க 1 முதல் 15 வரை எண் போட்ட வண்ண விசிறியே இருக்கிறது. வாங்குபவருக்கு எந்த எண் பிடிக்குமோ, அதற்கேற்ற தீவனம்! பச்சை மேயும் கோழியின் கருவும் நிறமேறும் என்பது உண்மைதான். நம் நம்பிக்கை பிறந்தது அங்கே. குறுக்கு வழி அப்புறம் வந்தது.

நிறத்தை இவ்வளவு உற்றுப் பார்க்கிறோம். ஆனால் பயப்பட வேண்டிய சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி கண்ணில் படாது. நிறம், மணம், ருசி எதுவும் மாறாது. நாட்டுக்கோழி என்று அது விட்டுவைப்பதும் இல்லை. எச்சத்தோடு ஓட்டில் ஒட்டி வரும். சில சமயம் கோழியின் வயிற்றிலேயே முட்டைக்குள் புகுந்துவிடும்.

இன்னொன்று, வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் கழுவி அடுக்குவது. எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியிருக்கும் மெல்லிய படலம் கழுவும்போது போய்விடுகிறது. ஈரத்தோடு கிருமியும் உள்ளே இறங்கும். அழுக்கு இருந்தால் சமைக்கிற நேரத்தில் கழுவினால் போதும்.

[காட்சி: தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு முட்டை மிதக்கிறது.]

மிதந்தால் பழைய முட்டை. உள்ளே ஈரம் வற்றி, காற்றறை பெரிதாகியிருக்கிறது. மூழ்கினால் புதுசு, ஆனால் அதில் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. வெள்ளையோ பழுப்போ, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆஃப்பாயில் வேண்டாம். கரு கெட்டியாகும்வரை அடுப்பில் இருக்கட்டும்.