முட்டை இடுவதும் அடை வைப்பதும்: ‘செட்’ என்னும் ஆங்கிலச் சொல்

அவையோர்க்கு வணக்கம்.

கோழி முட்டை இடுகிறது. வீட்டுக்காரி அந்த முட்டையை அடை வைக்கிறாள். முதல் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘லே’; இரண்டாவது வேலைக்கு ‘செட்’. இரண்டையும் ‘வைத்தல்’ என்றே பாடம் பண்ணியவர், கோழி செய்ததை வீட்டுக்காரி செய்ததாக எழுதிவிடுவார். இன்றைய பேச்சு அந்த ‘செட்’டைப் பற்றியது. மொழிபெயர்ப்பவர்களும் ஆங்கிலம் கற்பிப்பவர்களும் நிறைய வந்திருக்கிறீர்கள், ஆகவே எங்கே வழுக்கும் என்பதையே அதிகம் சொல்கிறேன்.

1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். 430 பொருள்கள், விளக்கமும் மேற்கோளும் சேர்த்து ஏறக்குறைய 60,000 சொற்கள். பிறகு நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ என்ற வினைச்சொல் 645 பொருள்களோடு அதை முந்திக்கொண்டது. இந்த எண்களைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. ஒரு பொருளை எத்தனை கிளையாகப் பிரிப்பது என்பது அகராதிக்காரர் கத்தியின் கூர்மையைப் பொறுத்தது. வேர் பிடிபட்டால் கிளைகளில் பாதி தானாகப் பிடிபடும்.

வேர் ஒன்றல்ல, இரண்டு. வினைச்சொல்லான ‘செட்’, பழைய ஆங்கில ‘செட்டன்’ என்பதிலிருந்து வந்தது. ‘உட்காரவை’ என்று பொருள். ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்காரவை. நம்மிடம் இரு – இருத்து, படு – படுத்து என்று இல்லையா, அதே உறவு. பெயர்ச்சொல்லான ‘செட்’, அதாவது தொகுப்பு, கூட்டம், வேறு வழியாக வந்தது. லத்தீனில் ‘செக்டா’ என்றால் ஒருவரைப் பின்பற்றுவோர் குழு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. சமயப் பிரிவைச் சொல்லும் ‘செக்ட்’ இதன் உடன்பிறப்பு. இரண்டு ஆறுகளும் ஒரே ஒலியில் கலந்துவிட்டதால் எந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இன்று பேசுகிறவர்களுக்கே தெரியாது.

முதல் ஆற்றை எடுத்துக்கொள்வோம். தமிழில் அதற்கு வாய்த்த சொல் ‘வை’. அலாரம் வைக்கிறோம், பொறி வைக்கிறோம், தீ வைக்கிறோம், அடை வைக்கிறோம். நான்குமே ஆங்கிலத்தில் ‘செட்’. கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில் முட்டையை முதல் 18 நாள் வைக்கும் இயந்திரத்துக்கு ‘செட்டர்’ என்றே பெயர். கடைசி 3 நாளுக்கு ‘ஹேட்சர்’ என்ற வேறு பெட்டிக்கு மாற்றுவார்கள். முட்டையை உட்காரவைக்கும் பெட்டி செட்டர். வேர்ப்பொருள் இவ்வளவு பச்சையாகத் தெரியும் இடம் வேறு இல்லை.

‘வை’ கைவிடும் இடம் சூரியன். சூரியனை யாரும் எங்கும் வைப்பதில்லை. ஆனால் பழைய ஆங்கிலத்தில் சூரியன் மறைவதற்கு ‘செட்ல்காங்’ என்று ஒரு சொல் இருந்தது. நேர்ப்பொருள், இருக்கைக்குப் போதல். அந்தி நேரத்தில் ஆதவன் தன் ஆசனத்தில் போய் அமர்கிறான். இதைத் தெரிந்துகொண்டால் தயிரும் ஜெல்லியும் கான்கிரீட்டும் ஏன் ‘செட்’ ஆகின்றன என்பதும் விளங்கும். அலைந்தது அமர்ந்துவிடுகிறது. தமிழில் தயிர் உறையும், சூரியன் மறையும் அல்லது சாயும், பசை இறுகும். ஆங்கிலத்தில் ஒரு சொல், நமக்கு மூன்று. இதில் நாம்தான் பணக்காரர்கள் என்று மார்தட்ட வேண்டாம். நம்முடைய ‘அடி’க்கும் ‘பிடி’க்கும் ஆங்கிலத்தில் எத்தனை சொல் வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சிமெண்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கட்டுமானத்தில் ‘செட்’ ஆவதும் வலுவேறுவதும் வேறு வேறு. குழைவு போய்க் கலவை நின்றுவிடுவதுதான் செட் ஆவது. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட், தண்ணீர் சேர்த்து 30 நிமிடத்துக்கு முன்னால் செட் ஆகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வலுவேறுவது அதற்குப் பிறகு நாள்கணக்கில் நடப்பது. வழக்கமாக 28ஆம் நாள் சோதித்துப் பார்ப்பார்கள். இரண்டையும் ‘இறுகுதல்’ என்றே மொழிபெயர்த்தால், பத்து மணி நேரத்தில் கலவையைத் தாங்கும் பலகையைக் கழற்றலாம் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். செட் ஆகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறினால் வலு போய்விடும் என்ற எச்சரிக்கையும் இந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிரித்தால்தான் புரியும்.

இனி ஒத்த சொற்கள். ‘புட்’, ‘பிளேஸ்’, ‘லே’, ‘செட்’ நான்கும் ஒன்றே என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைக்கிறோம். ‘புட்’ பொதுவாக வைப்பது, எப்படி வைத்தாலும் சரி. ‘பிளேஸ்’ இடம் பார்த்து வைப்பது. ‘லே’ கிடத்துவது, செங்கல்லையும் கம்பளத்தையும் ‘லே’ செய்வார்கள். ‘செட்’, ஒன்றை அதன் வேலைக்கு ஆயத்தமாக நிலைக்கவைப்பது. மேசைமேல் கடிகாரத்தை ‘புட்’ செய்தால் கடிகாரம் மேசைமேல் இருக்கிறது, அவ்வளவுதான். கடிகாரத்தையே ‘செட்’ செய்தால் நேரம் திருத்தப்பட்டுவிட்டது. பொறியை ‘செட்’ செய்யலாம், ‘லே’யும் செய்யலாம், ‘புட்’ செய்தால் எலி விழாது, பொறி வெறுமனே ஒரு மூலையில் கிடக்கும். நகைக் கல்லை ‘செட்’ செய்வது பதிப்பது. அச்சகத்தில் எழுத்தை ‘செட்’ செய்வது கோப்பது. பாட்டுக்கு மெட்டு அமைப்பதும், முறிந்த எலும்பை நேராகப் பொருத்துவதும், தேர்வுக்கு வினாத்தாள் தயாரிப்பதும் அதே சொல்தான்.

சரி, வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு வெளியூர்ச் சூத்திரம் தேட வேண்டாம். பலபொருள் ஒரு சொல்லைத் தெளிய வினை, இனம், சார்பு என்று மூன்று வழிகளைத் தொல்காப்பியர் தம் இலக்கண நூலின் கிளவியாக்கம் என்ற இயலில் சொல்லிவிட்டார். ‘மா பூத்தது’ என்றால் வினையே அது மரம் என்று காட்டிவிடுகிறது. ‘மாவும் மருதும்’ என்றால் பக்கத்தில் நிற்கும் மருதமரம் காட்டுகிறது. போர்க்கவசம் அணிந்தவன் ‘மா கொண்டு வா’ என்றால் அவன் நிற்கும் நிலை, அது குதிரை என்று காட்டுகிறது.

ஆங்கிலச் ‘செட்’டுக்கும் இதே மூன்று போதும். முதலில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் சூரியன், தயிர், சிமெண்ட் குடும்பம். இருந்தால் அது என்ன பொருள்? கல்லா, முட்டையா, விலையா? அதுதான் இனம். அடுத்து யார் பேசுகிறார், எங்கே பேசுகிறார். கணக்கு வகுப்பில் ‘செட்’ என்றால் தமிழ்நாட்டுப் பாடநூலில் கணம், இலங்கைப் பாடநூலில் தொடை. டென்னிஸ் மைதானத்தில் என்றால் இரண்டு ஆட்ட வித்தியாசத்தோடு ஆறு ஆட்டம் வெல்வது. ஆறுக்கு ஆறு என்று நின்றால் டைபிரேக்.

வினைக்குப் பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்கள்தான் நிறையப் பேரைக் கவிழ்ப்பவை. ‘செட் அசைட்’ என்பதைப் பாருங்கள். சம்பளத்தில் ஒரு தொகையை ‘செட் அசைட்’ செய்தால் ஒதுக்கி வைத்தல். மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்நீதிமன்ற உத்தரவை ‘செட் அசைட்’ செய்தால் ரத்து செய்தல். ‘நீதிமன்றம் உத்தரவை ஒதுக்கி வைத்தது’ என்று எழுதினால், பிறகு எடுத்துப் பார்ப்பார்கள் போலும் என்று வாசகர் நினைப்பார். வழக்கில் தோற்றவர் ஜெயித்துவிட்ட செய்தி அங்கே காணாமல் போய்விடும்.

‘செட் ஆஃப்’ இன்னும் மோசம். பயணத்தில் புறப்படுதல், பட்டாசைக் கொளுத்துதல், வருமான வரியில் ஒரு தலைப்பின் நட்டத்தை இன்னொரு வருமானத்தில் கழித்து ஈடுகட்டுதல். ‘செட்பேக்’ செய்தித்தாளில் பின்னடைவு. கட்டட வரைபடத்தில், மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம். வரைபடத்தில் ‘பின்னடைவு 3 மீட்டர்’ என்று வந்தால் கொத்தனார் என்ன செய்வார்? ஒரு செலவு நம்மை இத்தனை ரூபாய் ‘செட் பேக்’ செய்தது என்றால், ‘ஐயாயிரம் பழுத்துவிட்டது’ என்கிறோமே, அதுதான். ‘செட் இன்’ மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. மழை ‘செட் இன்’ ஆகிவிட்டது என்பதற்குத் தமிழ் தயாராக இருக்கிறது: மழை பிடித்துக்கொண்டது.

இலக்கணத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு நிகழ்காலம், இறந்தகாலம், முடிவெச்சம் (‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’) மூன்றும் ஒரே வடிவம். எழுவாய் ‘அவன்’, ‘அவள்’ என்று ஒருமையாக இருந்து, வினையின் கடைசியில் ‘ஸ்’ ஒலி இல்லையென்றால் இறந்தகாலம் என்று உறுதியாகச் சொல்லலாம். எழுவாய் ‘அவர்கள்’ என்றால் வாக்கியத்தில் ‘நேற்று’, ‘தினமும்’ போன்ற காலக்குறி தேட வேண்டும். அதுவும் இல்லையென்றால் முன் வாக்கியத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ‘செட்டெட்’ என்று எழுதும் பிள்ளைகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அப்படி ஒரு வடிவம் கிடையாது.

கடைசியாக, தமிழுக்குள் குடியேறிவிட்ட செட். பம்ப்செட், சினிமா செட், செட் தோசை, ‘அவன் எங்க செட்டு’. இவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் ஆற்றுத் தண்ணீர், தொகுப்பும் கூட்டமும். ஆனால் ‘இந்த வேலை எனக்கு செட் ஆகாது’ என்கிறோமே, அது நாமே வளர்த்த பொருள். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு உரியது ‘சூட்’. தமிழில் நினைத்து அப்படியே ஆங்கிலமாக்கினால் கேட்பவர் விழிப்பார். ‘பையன் செட்டில் ஆகிவிட்டான்’ என்பதிலும், பத்திரப் பதிவு அலுவலகத்துச் செட்டில்மெண்ட் பத்திரத்திலும் இருப்பது ‘செட்டில்’. அது சூரியன் போய் அமர்ந்த அதே ‘செட்ல்’ என்ற இருக்கையின் பிள்ளை.

‘கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்பதில் வரும் செட்டுக்கு மட்டும் இந்த வம்சத்தில் பங்கில்லை. அது நம் சொந்தச் சொல், சிக்கனம் என்று பொருள். தாராளமாகப் புழங்குங்கள், ஆங்கிலமாக்கும்போது மட்டும் ‘த்ரிஃப்ட்’ என்று எழுதுங்கள்.