கத்தியைப் பிடிப்பது விரல், வலிப்பது ஏன் முழங்கை? ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவில் தோள்பட்டை இறுக்கம் பற்றிப் பேசினேன். அதைப் பார்த்துவிட்டு கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேள்வி அனுப்பியிருக்கிறார். முதலில் அதைப் படித்துவிடுகிறேன்.

"அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். வயது 48. மூன்று மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. கையைச் சும்மா மடக்கி நீட்டினால் ஒன்றும் இல்லை. கத்தியைப் பிடித்தால், துணி பிழிந்தால், ஒரு செம்பு தண்ணீர் தூக்கினால் சுருக்கென்று பிடிக்கிறது. கத்தியைப் பிடிப்பது விரல், திருப்புவது மணிக்கட்டு. வலி மட்டும் ஏன் முழங்கையில்? நரம்பு பிசகிவிட்டது என்கிறார்கள். பந்தை அமுக்கிப் பழகச் சொல்கிறார்கள். செய்யலாமா? வேலையை நிறுத்த வேண்டுமா?"

அப்பாவுக்கு மட்டும் உள்ள வலி இல்லை இது. குலசேகரம், கடையாலுமூடு, கேரள எல்லை தாண்டி வெள்ளறடை வரைக்கும் பால் வெட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதே இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த இடம் எது, ஏன் அது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

நீங்களும் கூடவே செய்து பாருங்கள். இடது கையை மேசையில் வையுங்கள், உள்ளங்கை மேலே பார்க்கட்டும். முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே உள்ள சதையை வலது கையால் லேசாகச் சுற்றிப் பிடியுங்கள். இப்போது இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குங்கள். பிடித்த இடத்தில் சதை நெளிகிறதா? விரல் அங்கே அசைகிறது, சதை இங்கே இழுக்கிறது. விரல்களுக்குள் அவற்றை மடக்குகிற சதை கிடையாது. உள்ளங்கையில் சில சின்னத் தசைகள் உண்டு, அவை பெரும்பாலும் நுணுக்க வேலைக்கு. பலமான பிடியில் பெரும்பங்கு முன்கையிலிருந்துதான், அதாவது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் உள்ள பகுதியிலிருந்துதான் வருகிறது. சைக்கிளில் பிரேக் கட்டை சக்கரத்தோரம் இருக்கும், அதை இழுக்கும் பிடி ஹேண்டில்பாரில் இருக்கும், நடுவில் ஒயர் ஓடும் இல்லையா, அதே அமைப்புதான். இங்கே ஒயரின் வேலையைத் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு மாதிரியான நார், செய்கிறது.

முன்கையில் மொத்தம் 20 தசைகள். உள்ளங்கைப் பக்கம் 8, புறங்கைப் பக்கம் 12. எல்லாப் பெயரும் சொன்னால் வீடியோவை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள், அதனால் தேவையானதை மட்டும் சொல்கிறேன். உள்ளங்கைப் பக்கம் இருப்பவை பெரும்பாலும் விரலையும் மணிக்கட்டையும் மடக்குபவை. அவற்றில் பல முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முடிச்சில் தொடங்குகின்றன. புறங்கைப் பக்கம் இருப்பவை பெரும்பாலும் நிமிர்த்துபவை. அவற்றில் பல வெளிப்பக்க முடிச்சில் தொடங்குகின்றன. முழங்கையைப் பாதி மடக்கி, வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள். கோலிக்குண்டு அளவில் ஒரு மேடு கையில் படும். அப்பா தொட்டுக் காட்டும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

சரி, இப்போது ஒரு சந்தேகம் வர வேண்டும். கத்தியை இறுக்கிப் பிடிப்பது மடக்கும் தசைகளின் வேலை. அவை உள்பக்கம் தொடங்குகின்றன. அப்படியென்றால் உள்பக்கம்தானே வலிக்க வேண்டும்? வெளிப்பக்கம் ஏன்?

இன்னொரு சோதனை செய்யுங்கள். மணிக்கட்டை முன்பக்கமாக, அதாவது உள்ளங்கை முன்கையை நெருங்கும்படி முடிந்த மட்டும் மடக்குங்கள். அப்படியே வைத்துக்கொண்டு முஷ்டி பிடியுங்கள். பிடிக்க முடிகிறதா? விரல்கள் பாதியில் நின்றுவிடும், பலமே இருக்காது. அந்தக் கையில் ஒரு பேனாவைக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் எளிதாக உருவிவிடுவார். இப்போது மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் தூக்கிக்கொண்டு அதே பேனாவைப் பிடியுங்கள். உருவச் சொல்லுங்கள் பார்ப்போம்.

காரணம் இதுதான். விரலை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு முன்னால் மடங்கினால் அந்தத் தசைகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன, மேலும் சுருங்க இடமில்லை. பின்பக்கத் தசைநாண்களும் விறைத்து விரலை விரிக்கப் பார்க்கும். அதனால் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் நம் கை தானாகவே மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் தூக்கிக்கொள்ளும். சுமார் 20, 30 டிகிரி. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மணிக்கட்டை அப்படித் தூக்கி நிறுத்துவது யார்? புறங்கைப் பக்கத் தசைகள். முன்னால் எவ்வளவு பலமாக இறுக்குகிறீர்களோ, மணிக்கட்டு முன்னால் சாய்ந்துவிடாமல் இருக்க அவை பின்னால் அவ்வளவு பலமாக இழுக்க வேண்டும். ஆக, பிடிப்பது முன்பக்கம் என்றாலும் பாரம் பின்பக்கத்துக்கும் சேர்த்துத்தான். அதில் அதிகம் அடிபடுவது எக்ஸ்டென்சர் கார்பை ரேடியாலிஸ் பிரீவிஸ் என்கிற தசை. பெயர் நீளம், ஆனால் முழங்கையில் அது ஒட்டியிருக்கும் இடம் ரொம்பச் சின்னது. சின்ன இடத்தில் நாள் முழுக்க இழுவை. டாக்டர் சீட்டில் டென்னிஸ் எல்போ என்று எழுதித் தருவது இதைத்தான்.

பால் வெட்டும் வேலையை இதோடு வைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் தலையில் லைட் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். ஒவ்வொரு மரத்திலும் முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுத்துவிட்டு, இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வான கோட்டில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்தில் காயம் விழுந்துவிடும். கத்தி ஒரு நூல் கூடப் பிசகாமல் இருக்க விரல்கள் இறுக்கியே இருக்க வேண்டும், அந்த இறுக்கத்திலேயே மணிக்கட்டு ஒவ்வொரு சீவலுக்கும் விட்டு விட்டு இழுக்க வேண்டும். ஒரு காலையில் முந்நூறு மரத்துக்கு மேல். பிறகு சிரட்டையிலிருந்து பாலை வாளியில் ஊற்றித் தூக்கி வர வேண்டும். அந்தச் சின்ன முடிச்சுக்கு ஓய்வே இல்லை.

கத்தியைத் திருப்புவது மணிக்கட்டு என்று தங்கச்சி எழுதியிருந்தார், அதுவும் முன்கையின் வேலைதான். முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ரேடியஸ் உருண்டு அல்னாவின் மேல் குறுக்காக வந்துவிடும். நிமிர்த்தும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். நிமிர்த்துவதற்கு மேல்கையின் பைசெப்ஸும் சேர்ந்து இழுப்பதால் அந்தத் திசையில் பலம் கூடுதல். வலது கைக்காரர்களுக்கு ஸ்க்ரூ முறுக்குவது கழற்றுவதைவிட எளிதாக இருப்பது அதனால்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் இதைக் காட்டாமல் விட மனசு வரவில்லை. உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்குங்கள். இப்போது ஆள்காட்டி விரலைத் தூக்குங்கள், வரும். சுண்டுவிரல், வரும். மோதிர விரலைத் தூக்குங்கள். ஒட்டி வைத்தது மாதிரி கிடக்கும்! ஆள்காட்டிக்கும் சுண்டுவிரலுக்கும் தனியாகத் தூக்கும் தசை ஒன்று கூடுதலாக உண்டு. மோதிர விரலுக்கு அது இல்லை, அதன் தசைநாணும் நடுவிரலின் தசைநாணோடு குறுக்கே பின்னியிருக்கிறது. வீட்டில் பிள்ளைகளிடம் பந்தயம் கட்டலாம்.

இனி நரம்பு பிசகியதா என்ற கேள்வி. தங்கச்சி சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது தசைநாண் தொல்லை போலத்தான் தெரிகிறது. வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். அப்பா கையை முன்னால் நேராக நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்கட்டும். நீங்கள் நடுவிரலின் மேல் அழுத்துங்கள், அவர் எதிர்த்து மேலே தூக்கட்டும். முழங்கையின் வெளி முடிச்சில் வலி வந்தால் தசைநாண் தொல்லைதான் என்ற சந்தேகம் வலுக்கும். நரம்பு என்றால் மரத்துப்போவது, ஊர்வது, பலம் குறைவது என்று வரும். கழுத்திலிருந்து வலி இறங்குகிறது, விரல் மரத்துப்போகிறது, மணிக்கட்டு நிமிராமல் தொங்குகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள். விழுந்து அடிபட்டு வீங்கியிருந்தாலும் அப்படித்தான்.

இந்தத் தொல்லை நாள்பட்டுவிட்டால் அது வெறும் வீக்கம் இல்லை. தசைநாணின் இழைகள் தேய்ந்து, ஒழுங்கு கலைந்து, சரியாக ஆறாமல் நிற்கின்றன. அதனால்தான் மாத்திரை போட்ட அன்றைக்கு நன்றாக இருக்கும், அடுத்த வாரம் பழைய கதை. நம் பக்கம் வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. முன்கைச் சதையை இதமாகத் தடவிவிடட்டும், தப்பில்லை. எலும்பு முடிச்சின் மேல் கட்டைவிரலை வைத்து நெரிக்க மட்டும் விடாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் வலி நன்றாகக் குறையும், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிட நிலைமை மேலாக இருப்பதில்லை, சில சமயம் மோசமாகவே இருக்கிறது. முதல் வைத்தியமாக அதைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பந்து அமுக்குவதை இப்போது விட்டுவிடச் சொல்லுங்கள். காலை முழுக்கக் கத்தியை இறுக்கியவர் மாலையில் பந்தையும் இறுக்கினால் அந்த முடிச்சுக்கு இரண்டாவது ஷிப்ட்.

அதற்குப் பதில் இது. முன்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். இடது கையால் வலது புறங்கையை கீழே அழுத்த வேண்டும், வலது கை அசையாமல் எதிர்க்க வேண்டும். 30 முதல் 45 வினாடி, ஐந்து தடவை. இரண்டு வாரத்தில் இது பழகியதும், அதே இருப்பில் தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தாங்கி மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். நாலு எண்ணும் வரை இறங்கட்டும். பத்துப் பதினைந்து தடவை, மூன்று சுற்று. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள்.

வேலையை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன், கூலி யார் தருவார்? கத்தியைத் தினமும் சாணை பிடிக்கட்டும், மழுங்கிய கத்திதான் கையை இறுக்க வைக்கும். பிடியில் துணி சுற்றிக் கொஞ்சம் தடிமனாக்கலாம். மரத்தைச் சுற்றிக் காலால் நகர வேண்டும், நின்ற இடத்திலிருந்து மணிக்கட்டால் எட்டக் கூடாது. செம்பையோ பாத்திரத்தையோ தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கத் தாங்கினால் பாரம் பைசெப்ஸுக்குப் போய்விடும். கடையில் எல்போ பெல்ட் வாங்கினால் முடிச்சின் மேல் கட்டாமல் இரண்டு விரற்கடை கீழே, சதையின் மேல் கட்டச் சொல்லுங்கள். வேலை நேரத்துக்கு மட்டும் போதும்.

பொறுமை வேண்டும், இது மாதக்கணக்கில்தான் ஆறும். இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் வாரங்களில் கைக்கு எப்படியும் ஓய்வு கிடைக்கும், வலியும் குறையும். அப்போதுதான் எல்லோரும் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். தங்கச்சி, அந்த நாட்களில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வரை எண்ணிக் கொடுங்கள்.