குதிரை வேலியை உடைக்குதெண்டா பெட்டியை மாத்தாதேங்கோ, ஏர்த்தைப் பாருங்கோ

வணக்கம் உறவுகளே. சத்தம் கேக்குதுதானே? சோளகக் காத்து இன்னும் விடேல்லை, அதால மைக்கைத் தொப்பியால மூடிப் பிடிச்சுக்கொண்டுதான் கதைக்கிறன்.

இண்டைக்குக் கொட்டில் கூரை வீடியோ போடுறன் எண்டு சொன்னனான். அது அடுத்த கிழமை. ரெண்டு நாளா எனக்கு ஒரே விசர். மட்டக்குதிரை ஒண்டு மின்சார வேலியை நெஞ்சால தள்ளிக்கொண்டு போற வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிப்போட்டு, எல்லாரும் ஒரே மருந்துதான் சொல்லினம்: "பெட்டியைப் பெரிசாக்கு." பெட்டி எண்டா வேலிக்குக் கரண்ட் துடிப்பு அனுப்புற எனர்ஜைசர், ஜூல் எண்டா ஒரு துடிப்பில அது விடுற சக்தி. ஒரு ஜூல் காணாட்டி மூண்டு ஜூல், மூண்டு காணாட்டி அஞ்சு. அடிவால்வ் அடைபட்ட பம்புக்கு மோட்டரின்ர குதிரைவலுவைக் கூட்டினா தண்ணி வருமே?

அந்த வீடியோவை நிப்பாட்டி நிப்பாட்டிப் பாருங்கோ. ரேப்பில, அதாவது உலோக நூல் கலந்து பின்னின வேலிப் பட்டியில, முட்டேக்க குதிரையின்ர காது கூட அசையேல்லை. அதுக்குக் கரண்ட் பிடிக்கவே இல்லை. நிக்கிறது வெடிச்ச செம்மண், குளம்பு காஞ்சு கிடக்கு. பெட்டியில இருந்து போற துடிப்பு கம்பியால போய், குதிரையால இறங்கி, குளம்பால மண்ணுக்குப் போய், மண்ணால, பெட்டியோட கொழுவி மண்ணில குத்தியிருக்கிற ஏர்த் கம்பிக்கு வந்து, திருப்பிப் பெட்டிக்குள்ள வரவேணும். அந்தச் சுத்து முடிஞ்சாத்தான் அடி. கம்பிப் பக்கத்தை எல்லாரும் வடிவாக் கட்டுவினம். திரும்பி வாற பாதையை ஒருத்தரும் பாக்கிறேல்லை.

சரி, நான் நிக்கிற வளவுக்கு வாங்கோ. பழைய வீடியோ பாத்த ஆக்களுக்குத் தெரியும், அலவாங்கும் மீற்றரும் இல்லாமல் நான் வெளிக்கிடமாட்டன். இஞ்சயும் அதே செம்மண், ரெண்டடிக்குக் கீழ சுண்ணாம்புக்கல். ஏர்த் கம்பி ஒண்டே ஒண்டு, அதுவும் ரெண்டடிதான் இறங்கியிருக்கு. மிச்சம் மேல நிக்குது, அதில ஆரோ துவாயும் காயப் போட்டிருக்கினம்.

இப்ப வேலியில எவ்வளவு நிக்குது எண்டு பாப்பம். வேலி மீற்றர்தான் வேணும், வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கிற ரெஸ்ரரைக் கொண்டுவந்து குத்தாதேங்கோ. 6.1. ஆறாயிரம் வோல்ற். இதைப் பாத்திட்டுத்தான் எல்லாரும் "கரண்ட் நல்லா இருக்கு" எண்டு போறவை. அது ஒருத்தரும் தொடாத நேரத்து வோல்ற். ஏர்த் சரியோ எண்டு பாக்கிற முறை வேற.

பெட்டியை நிப்பாட்டுங்கோ. பெட்டியில இருந்து ஒரு முந்நூறு அடி தள்ளிப் போய், இரும்புக் கம்பி ரெண்டு மூண்டை மண்ணில குத்தி வேலியில சாத்துங்கோ. பிறகு பெட்டியைப் போட்டிட்டு வேலி வோல்ற்றைப் பாருங்கோ, ரெண்டாயிரத்துக்குக் கீழ வரவேணும். வராட்டி, திருப்பி நிப்பாட்டிப்போட்டு இன்னொரு கம்பி சாத்துங்கோ. அதாவது பத்துக் குதிரை ஒண்டாச் சாஞ்ச மாதிரி ஒரு சுமையைக் குடுக்கிறம். இப்ப ஏர்த் கம்பிக்கு வாங்கோ. மீற்றரின்ர ஒரு முனை ஏர்த் கம்பியில, மற்ற முனை மூண்டடி தள்ளிக் குத்தின சின்னக் கம்பியில. இது 0.3க்கு மேல, அதாவது முந்நூறு வோல்ற்றுக்கு மேல காட்டினா ஏர்த் காணாது.

இஞ்ச பாருங்கோ. 1.4. வெயிலுக்குத் தெரியேல்லை, கையால மறைக்கிறன். 1.4! குதிரைக்குப் போகவேண்டியது ஏர்த் கம்பியில கிடக்கு. இந்தக் கம்பியை ஒரு கோழி உரசினாலும் கத்தும்.

இப்ப மருந்து. புது ஏர்த்துக்கு ஜி.ஐ. பைப், அதாவது நாகம் பூசின இரும்புப் பைப், முக்கால் இஞ்சி, ஒரு முழு நீளம். கடையில 20 அடிதான் வரும். அதை மூண்டா வெட்டினா ஒவ்வொண்டும் ஆறு அடி எட்டு இஞ்சி. மூண்டையும் பத்தடிக்கு ஒண்டா இறக்கவேணும். கிட்டக்கிட்டக் குத்தினா மூண்டும் ஒரே மண்ணைத்தான் பங்குபோடும், பிரயோசனம் இல்லை. வடமராட்சி கிழக்கு மணலில இருக்கிற ஆக்களுக்குக் கையால அமத்தவே பைப் இறங்கும். ஆனா காஞ்ச மணலும் கரண்டைக் கடத்தாது, ஈரம் வாற ஆழத்துக்குப் போகவேணும். எங்கட வலிகாமம் பக்கம் கல்லு விடாது. சுத்தியலால அடிச்சு அடிச்சுப் பைப்பின்ர வாயைத்தான் பூவா விரிப்பியள்.

கல்லு வந்தா நிப்பாட்டுங்கோ. கிடையாப் போடலாம். ஒண்டரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, பைப்பைப் படுக்க வைச்சு, கல்லுப் பொறுக்கின மண்ணால மூடி மிதிக்கவேணும். எங்க வெட்டுறது எண்டதுதான் விசயம். எப்பவும் தண்ணி நிக்கிற இடம். இந்த வளவில அது வாழைப்பாத்தி, கிணத்தடித் தண்ணி முழுக்க அங்கதான் போகுது. வேலி எங்கயோ, பெட்டி எங்கயோ இருக்கட்டும், ஏர்த் மட்டும் ஈரத்தில இருக்கவேணும். கம்பி இழுத்துக் கொண்டுபோறதில ஒரு வெக்கமும் இல்லை.

உப்பைக் கொட்டு எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். ஒரு கோடைக்கு வேலை செய்யும்தான். பிறகு பைப்பின்ர நாகப் பூச்சைத் திண்டு கறள் பிடிக்க வைக்கும். அதைவிட, இந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இருக்கிற தண்ணியைத்தானே நாங்கள் கிணத்தில அள்ளிக் குடிக்கிறம்? கிணறு உவராப் போகுது எண்டு அழுதுகொண்டு, நாங்களே உப்புக் கொட்டுறதே? எனக்குப் பிடிக்காது, முடிஞ்சுது.

இப்ப பைப்பில வயரைப் பொருத்துற சாமான். இதைக் கிட்டப் பிடிச்சுக் காட்டுறன், ஏனெண்டா எனக்கு இதில கொஞ்சம் பெருமை. ஏர்த் கிளாம்ப் எண்டு கேட்டா ஒரு விலை சொல்லுவினம், நெஞ்சு அடைக்கும். பம்ப் சாமான் கடையில ஹோஸ் கிளிப் கேளுங்கோ, கறள் பிடிக்காத ஸ்ரெயின்லெஸ், 20இல இருந்து 32 மில்லிமீற்றர் மட்டும் இறுகிறது. முக்கால் இஞ்சிப் பைப்பின்ர வெளிவிட்டம் அண்ணளவா 27 மில்லிமீற்றர், அச்சொட்டா இருக்கும். பைப்பை அரத்தாள் போட்டு மினுக்கி, வயரை ஒரு சுத்துச் சுத்தி, ஒரு பைப்புக்கு ரெண்டு கிளிப், கிளிப்பின்ர ஸ்குறூ ஆணியைத் திருகி இறுக்குங்கோ. ஆட்டிப் பாருங்கோ. அசையுதே? இல்லை. சும்மா முறுக்கி விட்டியளெண்டா முதல் மாரியோட கறள் வந்து, பாதை அடைபட்டிடும். வயர் ரெண்டரை மில்லிமீற்றர் ஜி.ஐ. கம்பி, மூண்டு பைப்புக்கும் வெட்டாத ஒரே வயர். செம்பு வயர் வேண்டாம். செம்பும் நாகமும் ஈரத்தில தொட்டுக்கொண்டு கிடந்தா நாகம் கரையும்.

ஓ, முக்கியமானதை விட்டிட்டன். வீட்டு மின்சார ஏர்த்தில இருந்து ஆகக் குறைஞ்சது 33 அடி தள்ளித்தான் இந்தப் பைப் எல்லாம். மோட்டர் ஏர்த்துக்குப் பக்கத்தில குத்தாதேங்கோ, குழாயைத் திறக்கேக்க கையில சுள் எண்டும். இன்னொண்டு: வீட்டு 230 வோல்ற்றை நேரா வேலியில குடுக்கிற ஆக்களும் இருக்கினம். அது வேலி இல்லை, கொலை. சட்டத்துக்கும் மாறு. இந்தப் பெட்டி செக்கனுக்கு ஒருக்காத்தான் துடிக்கும், ஒரு துடிப்பு செக்கனின்ர ஆயிரத்தில ஒரு பங்குக்குள்ள முடிஞ்சிடும், அதாலதான் சீவன் விலகத் தப்புது. முட்கம்பியிலயும் கரண்ட் விடாதேங்கோ. சிக்கின குதிரை துள்ளத் துள்ளக் கிழியும்.

இனி வேலிப் பக்கம். அந்த வீடியோவில இருந்தது ஆகலும் மலிஞ்ச ரேப், மூண்டு நூல் ஸ்ரெயின்லெஸ் மட்டும். அதில ஒரு மீற்றர் நீளத்துக்கே பத்து ஓம்முக்கு மேல தடை இருக்கும். ஆயிரம் அடி ஓடினா முனையில என்ன மிஞ்சும்? செம்பு நூலும் கலந்த ரேப்பில மீற்றருக்கு அரை ஓம்மும் வராது. வாங்கேக்க வெள்ளை நிறத்தைப் பாக்காதேங்கோ, எத்தினை ஓம் எண்டு கேளுங்கோ. கடைக்காரருக்குத் தெரியாட்டி அந்தக் கடை வேண்டாம்.

முடிச்சுப் போட்டு இணைக்கவும் கூடாது. முடிச்சில நூலும் நூலும் தொடாது, பிளாஸ்ரிக்கும் பிளாஸ்ரிக்கும்தான் கட்டிப்பிடிச்சு நிக்கும். இடையில பொறி பறந்து நூல் எரியும். இரவில போய் நிண்டா டிக் டிக் எண்டு கேக்கும், நீலமா மின்னும். இணைக்கிற பக்கிள் போடுங்கோ.

குதிரைக்கு மெல்லிசுக் கம்பி கண்ணில படாது, அதால அகலமான 40 மில்லிமீற்றர் ரேப் நல்லது எண்டு எல்லாரும் சொல்லினம். சரிதான். ஆனா இந்தச் சோளகத்துக்கு ரேப் பட்டம் மாதிரி அடிச்சு, கட்டையடியில நார் நாராப் போகும். ரெண்டு கட்டைக்கு நடுவில ரேப்பில ஒரு முறுக்கு விட்டா அடிக்கிறது குறையும். என்னைக் கேட்டா மேல் வரி ரேப், கீழ் ரெண்டும் 6 மில்லிமீற்றர் கயிறு. மேல் வரி நாலடி, நடு மூண்டடி, கீழ் ஒண்டரை அடி. மட்டக்குதிரைக்கு மேல் வரி மூண்டரை, நடுவையும் அரை அடி இறக்குங்கோ. கட்டை 12 அடிக்கு ஒண்டு.

கோடைக்கு ஒரு வேலை இருக்கு. நடு வரியைக் கரண்டில இருந்து கழட்டி ஏர்த்தில கொழுவுங்கோ. குதிரை தலையை நுழைச்சா மேல் வரியும் நடு வரியும் ரெண்டும் படும். மண் காஞ்சாலென்ன, குளம்பு காஞ்சாலென்ன, சுத்து அங்கயே முடியும். ரெண்டும் காத்துக்கு ஒண்டோட ஒண்டு தொட்டா வேலி செத்திடும், அதால இழுத்துக் கட்டுங்கோ.

பெட்டியில இருந்து வேலிக்குப் போற கேபிளைச் சொல்லேல்லை, இல்லையே? வீட்டு வயரை மண்ணுக்கால கொண்டுபோகாதேங்கோ. 20,000 வோல்ற் தாங்கிற வேலிக் கேபிள்தான். வீட்டு வயரின்ர உறையை ஆறாயிரம் வோல்ற் ஓட்டை போடும், மாரியில ஒழுகும், நீங்கள் வேலி முழுக்க நடந்து தேடுவியள்.

கதியாலில, அதாவது நட்டாத் துளிர்க்கிற உயிர்வேலிக் கட்டையில, இன்சுலேற்றர் அடிக்கிற ஆக்கள் கவனம். கிளுவையும் சீமைக்கிளுவையும் மழைக்குத் துளிர்த்து ஒரு கிழமையில கம்பியைப் பிடிக்கும். பச்சை இலை ஒவ்வொண்டும் ஒரு சின்ன ஒழுக்கு. நெடுந்தீவு ஆக்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை, அவை கல்லடுக்கியெல்லோ வேலி வைச்சவை.

பழக்கிறது. புதுக் குதிரையை நேர பெரிய வேலிக்குள்ள விட்டா, அடி விழுந்த உடன முன்னுக்குத்தான் பாயும், அது உடைச்சுக்கொண்டு வெளியில. நல்ல இறுக்கமான மட்டை வேலிக்குள்ள, மூண்டடி உள்ளுக்கு ஒரு வரி ரேப் கட்டி, தண்ணி தெளிச்சு, ரெண்டு மூண்டு நாள் விடுங்கோ. தானாப் போய் மூக்கால மணக்கட்டும். மூக்கில அடிபட்டாப் பின்னுக்கு வரும். தள்ளாதேங்கோ, ரேப்பில தீன் கட்டித் தூக்காதேங்கோ. அங்கால துணைக் குதிரை நிண்டா, இல்லாட்டி இஞ்சால புல் முடிஞ்சிருந்தா, எந்த வேலியும் கொஞ்சக் காலத்துக்குத்தான்.

சரி, வாழைப்பாத்தியில மூண்டு பைப்பும் புதைச்சாச்சு, வயரும் கொழுவியாச்சு. முந்தின மாதிரியே முந்நூறு அடியில கம்பி சாத்திக் கிடக்கு. பெட்டியைப் போடுறன். ஏர்த்தில... 0.2. கண்டியளே? அதே பெட்டி, அதே ஒரு ஜூல். பெட்டியை நிப்பாட்டிச் சாத்தின கம்பியளை எடுத்திட்டு வேலிக்குப் போறன். 5.3? முதல் 6.1 இருந்ததே.

பொறுங்கோ. அங்க, மூலைக் கட்டைக்கு அங்கால, காவோலை ஒண்டு விழுந்து மேல் வரியில தொங்குது. பெட்டியை நிப்பாட்டிப்போட்டு எடுத்திட்டு வாறன்.