மக்கோபாவின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மருத்துவ விஞ்ஞானியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தில் கேட்டார்கள். மருந்து கண்டுபிடித்தவர்கள், அறுவை சிகிச்சையில் பேர் வாங்கியவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் இறந்தவர்களை எண்ணியவர். தென்னாப்பிரிக்காவின் மாலெகபுரு வில்லியம் மக்கோபா.

அதற்கு முன் என் கதை கொஞ்சம். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, இரவுப் பணியில் யாராவது இறந்தால் சான்றிதழ் எழுதுவது எங்கள் வேலை. 'இறப்புக்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'இதயமும் மூச்சும் நின்றுவிட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். இதயம் நிற்காமல் யார் சாகிறார்கள்? ஆனாலும் யாரும் கேட்டதில்லை. பின்னால் சமுதாய மருத்துவம் நடத்தப் போனபோதுதான் அந்தச் சின்னக் கட்டத்தின் அருமை எனக்கே தெரிந்தது.

சரி, மக்கோபாவுக்கு வருவோம். 1952-ல் பிறந்தவர். நிறவெறி ஆட்சியில் கறுப்பர்களும் இந்தியர்களும் மருத்துவம் படித்த நேட்டால் மருத்துவக் கல்லூரியில் 1976-ல் பட்டம் வாங்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் நோய் எதிர்ப்பியலில் முனைவர் பட்டம். லண்டனிலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சி. நிறவெறி ஆட்சி முடிந்த சமயத்தில் நாடு திரும்பி, ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தருக்கு அடுத்த பதவியில் அமர்ந்தார். 1995-ல் அங்கே மூத்த பேராசிரியர்கள் 13 பேர், இவர் தன்விவரக் குறிப்பில் தகுதிகளை மிகைப்படுத்தியிருக்கிறார் என்று கிளம்பினார்கள். இவர் அதை மறுத்தார். அதோடு விடாமல், அவர்களுடைய பணிக் கோப்புகளில் இருந்த விஷயங்களை வெளியே சொன்னார். கடைசியில் சமரசம் ஆகி, இவர் பதவியை விட்டார். இரண்டு தரப்பும் அழகாக நடந்துகொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

1999-ல் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்குத் தலைவரானார். அப்போதைய குடியரசுத் தலைவர் தாபோ ம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த நேரம் அது. ம்பெக்கி 'ஆப்பிரிக்க மறுமலர்ச்சி' என்று பேசியபோது அதற்கு அறிவுலகத்தில் தோள் கொடுத்தவர்களில் மக்கோபாவும் ஒருவர். எதிரியை மறுத்துப் பேசுவது சுலபம். தன் பக்கத்து ஆளை, அதுவும் நாட்டின் தலைவரை மறுப்பது வேறு.

அவர் மறுத்தார். வெறும் வாதத்தால் அல்ல, கணக்கால். அங்கே எய்ட்ஸில் இறந்தவர்களின் சான்றிதழில் பெரும்பாலும் காசநோய், நிமோனியா என்றுதான் எழுதியிருக்கும். அப்படியானால் எண்ணுவது எப்படி? மன்றத்தின் ஆய்வாளர்கள் காரணத்தை விட்டுவிட்டு வயதைப் பார்த்தார்கள். வழக்கமாக வயது ஏற ஏறத்தான் இறப்பும் ஏறும். ஆனால் 1999-2000-ல் 25 முதல் 29 வயதுப் பெண்களின் இறப்பு விகிதம் 1985-ல் இருந்ததைப் போல மூன்றரை மடங்கு ஆகியிருந்தது. முப்பதுகளில் இருந்த ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாட்டிகள் இருக்க, பேத்திகள் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், 2000-ல் 15 முதல் 49 வயதுக்குள் இறந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேரின் சாவுக்கு எய்ட்ஸ் காரணம் என்று வந்தது. சான்றிதழ் பொய் சொல்லலாம், வயது பொய் சொல்லவில்லை.

2001-ல் இந்த அறிக்கை தயாரான அதே சமயத்தில் ம்பெக்கி தன் சுகாதார அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். இணையத்தில் பார்த்த 1995-ம் ஆண்டுக் கணக்கில் எய்ட்ஸ் சாவு 2.2 சதவீதம்தான், சுகாதாரச் செலவை அதற்கேற்ப மறுபரிசீலனை செய்யலாமே என்பது அதன் சாரம். தீ பரவும் முன் எடுத்த போட்டோவைக் காட்டி வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்பது போல! அறிக்கை வெளிவருவது தள்ளிப்போனது, பத்திரிகைகளுக்குக் கசிந்தது, அக்டோபரில் முறையாக வெளியானது. அரசு உடனே மனம் மாறிவிடவில்லை. எச்.ஐ.வி. மருந்துகளைக் கொடுக்காமல் இழுத்தடித்ததால் 3,30,000 உயிர்களுக்கு மேல் போயின என்று பின்னாளில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

பிறகு நேட்டால் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். 2004-ல் அதோடு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் உருவானது. டர்பன்-வெஸ்ட்வில் நமக்குத் தூரத்து உறவு மாதிரி. 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போன கரும்புத் தோட்டக் கூலிகளின் வழிவந்தவர்களை வெள்ளையரோடு சேர்க்க மனமில்லாத அரசு, 1961-ல் ஒரு தீவில் அவர்களுக்கென்று ஆரம்பித்த கல்லூரியிலிருந்து வளர்ந்தது அது. அந்தச் சுவரை இடித்த நிர்வாகி என்பதில் மக்கோபா மேல் எனக்கு மரியாதை உண்டு. 2014 முதல் புது மாணவர்கள் சூலு மொழி கற்க வேண்டும் என்றதும் அவர் காலத்தில்தான். ஆனால் 2008-ல், கல்விச் சுதந்திரம் பற்றிப் பத்திரிகையில் பேசிய இரண்டு பேராசிரியர்கள் மீது அவருடைய நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. ஒருவர் வேலையை விட்டே போனார். குடியரசுத் தலைவரை மறுத்துப் பேசியவருக்குத் தன்னை மறுத்துப் பேசியவர்களைப் பொறுக்கவில்லை.

2016-ல் நாட்டின் முதல் சுகாதார ஆம்பட்ஸ்மேன் ஆனார். நம்மூரில் வங்கிக்கு ஒருவர் இருப்பது போல, அங்கே மருத்துவமனைகளைப் பற்றிய புகார்களை விசாரிப்பவர். வந்ததும் கையில் விழுந்தது எசிடிமேனி விவகாரம். மனநோயாளிகளைப் பராமரித்த லைஃப் எசிடிமேனி இல்லங்களோடு இருந்த ஒப்பந்தத்தை கௌடெங் மாகாண அரசு முறித்துக்கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை அவசர அவசரமாக வெளியே மாற்றியது. பலர் தொண்டு நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நிறுவனங்கள் நோயாளிகளைப் பொறுக்கி எடுத்தது மாட்டுச் சந்தை மாதிரி இருந்தது என்று அறிக்கையிலேயே இருக்கிறது. எசிடிமேனி என்ற பெயருக்குள் இருக்கும் 'இசிடிமா' என்ற சொல்லுக்கு, சூலு மொழியில் கண்ணியம் என்று பொருள்.

இறந்தவர்கள் 36 பேர் என்று மாகாண சுகாதார அமைச்சர் சட்டமன்றத்தில் சொல்லியிருந்தார். மக்கோபா மறுபடி எண்ணினார். 2017 பிப்ரவரி 1 அன்று வந்த அவருடைய அறிக்கை, குறைந்தது 94 பேர் என்றது. நோயாளிகளை வாங்கிக்கொண்ட 27 தொண்டு நிறுவனங்களில் ஒன்றின் உரிமம்கூடச் செல்லத்தக்கதல்ல என்றது. அமைச்சர் முந்தின நாளே ராஜினாமா செய்துவிட்டார். முன்னாள் நீதிபதி டிக்காங் மொசெனெகே நடத்திய விசாரணையில் எண்ணிக்கை 144 ஆனது. 2018-ல் ஒரு குடும்பத்துக்கு 12 லட்சம் ராண்ட் (அந்நாட்டு நாணயம்) இழப்பீடு என்று அவர் தீர்ப்பளித்தார்.

2024 ஜூலையில் இன்னொரு நீதிபதி, அந்த முன்னாள் அமைச்சரும் மனநலப் பிரிவின் தலைமை அதிகாரியும் செய்த அலட்சியம்தான் சாவுக்குக் காரணம் என்பதற்கு முகாந்திரம் இருப்பதாகச் சொன்னார். 144 பேரில் ஒன்பது பேர் விஷயத்தில்.

நன்றி. வணக்கம்.