இஸ்ட்ரியாவின் அடுப்பும் சுவரோவியமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நிலம் இஸ்ட்ரியா. அட்ரியாட்டிக் கடலின் வடகோடியில், வெனிஸ் நகருக்கு எதிர்க்கரையில், முக்கோணமாகக் கடலுக்குள் இறங்கியிருக்கும் ஒரு தீபகற்பம் அது. பரப்பு ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர்தான். அதில் பெரும்பகுதி குரோவேஷியாவிலும், வடக்கே ஒரு துண்டு ஸ்லோவேனியாவிலும், ஓரத்தில் ஒரு சிறு விளிம்பு இத்தாலியிலும் கிடக்கின்றன.

இந்தப் பங்கீடே அதன் வரலாற்றைப் பாதி சொல்லிவிடும். கடற்கரை ஊர்கள் பல நூற்றாண்டுகள் வெனிஸ் குடியரசின் கீழ் இருந்தன. உள்நாட்டின் நடுப்பகுதி ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கையில் இருந்தது. 1910-இல் அங்கே ஒரு மலையூரில் பிறந்த ஒருவர், ஊர் எல்லையைத் தாண்டாமலேயே, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிமகனாகவும், முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலியராகவும், 1947-இன் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் யூகோஸ்லாவியராகவும், 1991-க்குப் பின் குரோவேஷியராகவும் வாழ்ந்து முடித்திருக்க முடியும். இரண்டாம் உலகப் போரையொட்டி இத்தாலிய மொழி பேசிய மக்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். எஞ்சியவர்களின் மொழி இன்றும் பல ஊர்ப் பலகைகளில் குரோவேஷிய மொழிக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் தெருப்பெயர்கள் மாறின. அடுப்பில் கொதித்தது மாறவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. அதனால்தான் அந்த நிலத்தை அறிய விரும்புகிறவர் கோட்டைகளுக்கு ஒதுக்கும் நேரத்தைச் சாப்பாட்டு மேசைக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் எந்தச் சாப்பாட்டுக்கு? விளம்பரங்களை நம்பிப் போகிறவர் ட்ரஃபிள் என்ற ஒன்றை மட்டுமே தேடிப் போவார். மண்ணுக்கடியில் மரவேர்களை ஒட்டி வளரும் நறுமணப் பூஞ்சை அது. மொட்டோவுன் என்ற குன்றூரின் அடிவாரத்தில், மிர்னா ஆற்றங்கரைக் கருவாலிக் காட்டில், நாய்களை மோப்பம் பிடிக்கவிட்டு அதைத் தோண்டி எடுக்கிறார்கள். 1999-இல் 1.31 கிலோ எடையுள்ள வெள்ளை ட்ரஃபிள் ஒன்று கிடைத்து, கின்னஸ் பதிவில் ஏறியது. இஸ்ட்ரியாவின் பெயர் உலகச் சமையற்கலைஞர்களின் காதில் விழுந்தது பெரும்பாலும் அதன் பிறகுதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காட்டின் மரங்களை வெனிஸ் குடியரசு தன் கப்பல்களுக்காகப் பல நூற்றாண்டுகள் காத்து வெட்டிவந்தது. மண்ணுக்குள் இருந்த பூஞ்சையோ, இத்தாலிய ஆட்சிக் காலத்தில், 1930-களில்தான் வணிகப் பொருளானது. ஆகவே ட்ரஃபிள் அந்த மண்ணின் விளைச்சல் என்பது உண்மை. பாட்டன் பூட்டன் காலத்து உணவு என்பது விற்பனைப் பேச்சு.

உழவர் வீட்டு உணவு மனேஷ்ட்ரா. பயறு, உருளைக்கிழங்கு, கோடையில் இளஞ்சோளம் ஆகியவற்றோடு, உப்பில் ஊறிய பன்றி எலும்பு ஒன்றைப் போட்டு, பூண்டும் பன்றிக்கொழுப்பும் சேர்த்து இடித்த விழுதைக் கரைத்து, மெல்ல வேகவைக்கும் கெட்டியான சூப். கொனோபா எனப்படும் சிற்றுணவகங்களில் அது மலிவாகவே கிடைக்கும். மாவைச் சதுரமாக வெட்டி, இரு முனைகளையும் மடித்து ஒட்டிச் செய்யும் ஃபூஷி, நாட்டுக்கோழிக் குழம்போடு விருந்து நாளில் வரும். பன்றித்தொடையைத் தோலுரித்து, உப்பும் மிளகும் தடவி, புகை காட்டாமல், வடகிழக்கிலிருந்து வீசும் 'பூரா' என்ற குளிர்ந்த வறண்ட காற்றிலேயே மாதக்கணக்கில் உலர்த்துவது இஸ்ட்ரிய முறை. தெற்கே டால்மேஷியாவில் அதையே புகையூட்டுவார்கள்.

ஆலிவ் எண்ணெயின் கதை இன்னும் பழையது. ரோமானியர் காலத்தில் போரெச், ஃபஜானா ஊர்களின் அருகே எண்ணெய்ச் சாடிகள் செய்யும் சூளைகள் இருந்தன. அங்கே முத்திரையிட்ட சாடிகளின் உடைசல்கள் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலும் கிடைத்திருக்கின்றன. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ராவென்னா அரசவையில் அதிகாரியாக இருந்த காசியோடோரஸ், இஸ்ட்ரியாவின் எண்ணெயையும் மதுவையும் கோதுமையையும் தம் கடிதமொன்றில் வாயாரப் புகழ்கிறார். அது வரி தண்டுவதற்காக எழுதிய கடிதம் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளலாம்.

சாப்பாட்டையும் கலையையும் ஒரே சுவரில் காண வேண்டுமானால் பேராம் கிராமத்துக்குப் போக வேண்டும். ஊருக்கு வெளியே மரங்களுக்கிடையே புனித மரியாள் சிற்றாலயம் இருக்கிறது. கஸ்தாவ் ஊர் வின்சென்ட் என்ற ஓவியர் 1474-இல் அதன் உட்சுவர்களை நிறைத்தார். மேற்குச் சுவரில் மரண நடனம்: எலும்புக்கூடுகள் ஒவ்வொருவராகக் கைப்பிடித்து இழுத்துச் செல்ல, போப்பாண்டவர், அரசர், அரசி, குழந்தை என வரிசை நகர்கிறது. அந்த வரிசையில் மதுக்கடைக்காரர் தம் சிறு பீப்பாயோடு நடக்கிறார். வணிகர் மேசைமேல் காசைக் காட்டிப் பேரம் பேசிப் பார்க்கிறார். பெரிய நகர அருங்காட்சியகங்களில் இத்தனை நகைச்சுவையுள்ள சாவை நான் கண்டதில்லை.

இசைக்கும் ஒரு சொல். இரு குரல்கள் நெருங்கிய இடைவெளியில், சற்று மூக்கொலியோடு இணைந்து முடியும் இஸ்ட்ரியப் பாட்டுமுறை 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குத் துணையாக ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இணையாக ஊதப்படும் சோபேலே, நம் நாதசுரத்தைப் போன்ற இரட்டைச் சீவாளிக் கருவி. கடற்கரை ஊரான ரோவிஞ்சின் மீனவர்களோ, கைகள் வலையிலும் துடுப்பிலும் இருந்ததால், வாத்தியங்களின் ஒலியைக் குரலாலேயே எழுப்பிப் பாடும் பிட்டினாடா என்ற முறையைக் கண்டார்கள்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஜூலை, ஆகஸ்டில் கடற்கரையில் கூட்டம் நெரியும். உள்நாட்டு மலையூர்களுக்கு வசந்தமும் இலையுதிர்காலமுமே உகந்தவை. குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழிசெய்யும் ஷெங்கன் பகுதியிலும் யூரோ நாணயத்திலும் இணைந்துவிட்டதால், இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரில் இறங்கித் தெற்கே வருவதற்குத் தனி விசாவோ தனிப் பணமோ தேவையில்லை. சைவர்கள் மனேஷ்ட்ராவில் எலும்பு உண்டா என்று கேட்டே உண்ண வேண்டும். கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், அங்கே அது காய்கறிச் சூப் என்றே கருதப்படும். முட்டை உண்பவராயின் மார்ச், ஏப்ரலில் போங்கள். சாலையோரப் புதர்களில் காட்டு அஸ்பாரகஸ் முளைக்கும் காலம் அது. அதைப் பறித்து, உடைத்த முட்டையோடு கிளறித் தரும் ஃபிரிட்டாயாவை, ட்ரஃபிளுக்குக் கொடுக்கும் விலையில் சிறு பங்கைக் கொடுத்து, வயிறார உண்ணலாம்.